ஓரத்தில் இருப்பதே சரி

செப்டம்பர் 1, திங்கள்

இன்று முப்பத்தொரு புகார்கள். பதினேழு செருப்பு, எட்டுச் சேலை, ஐந்து கைப்பேசி உறை, ஒரு பிள்ளையார். எல்லாவற்றிலும் ஒரே சங்கதி: “என் வடிவத்தைத் திருடி உங்கள் தளத்தில் இன்னொருவர் விற்கிறார்.”

இவர்களுக்குப் பதில் அனுப்புவது என் வேலை. நானாக எதுவும் எழுத வேண்டியதில்லை. கம்பெனியிடம் பதினான்கு பதில்கள் தயாராக இருக்கின்றன. எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும். நான் அதிகம் அனுப்புவது பதில் 7. “அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் மனவருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எங்கள் தளம் விற்பவரும் வாங்குபவரும் சந்திக்கும் ஓர் இடம் மட்டுமே. பொருளுக்கு விற்பவரே பொறுப்பு. தயவுசெய்து அவரைத் தொடர்புகொள்ளவும்.”

வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதம் போனால் நிரந்தரம். இந்த வேலை எனக்குப் பொருத்தம் என்று எங்கள் குழுத் தலைவர் கிளாடிஸ் மேடம் நினைக்கிறார். இன்று என் மேசைக்கு வந்து, “பண்ணாரி, நீ பேசவே மாட்டியாம்மா?” என்று கேட்டார்.

“பேசுவேன் மேடம்.”

“எப்போ?”

பதில் 7 போல இதற்கும் ஒன்று தயாராக இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

கரூரிலிருந்து ஒரு பதிப்பகத்தார் தங்கள் வினா-விடைப் புத்தகத்தை யாரோ நகலெடுத்து விற்பதாக எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கீழே “இதையும் பார்க்கலாம்” என்று இன்னொரு புத்தகத்தைத் தளம் காட்டியது. “குரூப் 4 டாப்பரின் கையெழுத்துக் குறிப்புகள்.” மாதிரிக்கு ஒரு பக்கம் போட்டிருந்தார்கள்.

அது என் கையெழுத்து.

என் ‘ழ’வின் வால் அடுத்த வரிக்குள் போய்விடும். பள்ளியில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். மூன்று நிமிடம் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், கோபியில் ஏணிப்படி பயிற்சி மையத்தில் படித்தபோது எழுதிய நோட்டுகள் அவை. தேர்வு முடிந்த அன்று மையத்தின் சென்னியப்பன் சார், “குடு கண்ணு, பாத்துட்டுத் தாரேன்” என்று ஐந்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

விற்பவர் பெயர்: ஏணிப்படி பப்ளிகேஷன்ஸ். டாப்பர் யார் என்று போடவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்தத் தேர்வில் நான் நாலரை மதிப்பெண்ணில் தவறிப்போனேன்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

விடுதியில் தக்காளிச் சோறு. துணி துவைத்தேன். அந்தப் பக்கத்தை ஆறு முறை பார்த்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒரு பிரதிக்கு ஆர்டர் போட்டேன். சும்மாதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பார்சல் வந்தது. எங்கள் கம்பெனிக் கிடங்கிலிருந்தே வந்திருக்கிறது. எங்கள் பெட்டி, எங்கள் மஞ்சள் டேப், கொண்டுவந்தவர் சட்டையில் எங்கள் முத்திரை. அட்டைமேல் எங்கள் தளத்தின் ‘நம்பிக்கைத் தேர்வு’ ஸ்டிக்கர். ஏணிப்படி பப்ளிகேஷன்ஸ் இதில் என்ன செய்தது என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரித்துப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சார் என் நோட்டைப் படிக்கவே இல்லை. அப்படியே நகல் எடுக்கும் இயந்திரத்தில் போட்டிருக்கிறார்.

எனக்கு ஓரங்களில் எழுதும் பழக்கம் உண்டு. கூடப் படித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தார்கள். எனக்கு முணுமுணுக்கவும் கூச்சம், அதனால் எழுதினேன். எல்லாம் அச்சாகியிருக்கிறது. பக்கம் 31: “சார் இன்றும் அதே சிங்கப்பூர் கதை. நான்காவது முறை.” பக்கம் 47: “பசிக்குது.” பக்கம் 54: “இது சாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.” பக்கம் 70: “5.40 பஸ் போச்சு.”

பக்கம் 112இல் ஒரு படம். சென்னியப்பன் சார் பாடம் நடத்தும்போது வகுப்பின் வாசலில் நின்று, இரண்டு கைகளாலும் கதவு நிலையின் மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து தொங்குவார். அப்படி ஒரு நாள் நான் வரைந்த படம். கண்ணாடி போட்ட வௌவால்.

எத்தனை பேர் இதை வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். மூவாயிரத்துக்கு மேல். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

பிறகு, பிரித்தது பிரித்ததுதானே என்று வரலாறு முப்பது பக்கம் படித்தேன். வருடங்களை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

வாங்கியவர்களின் கருத்துகள் நானூற்றுப் பன்னிரண்டு. மதிய உணவு நேரத்தில் படித்தேன்.

“பக்கம் 47இல் ‘பசிக்குது’ என்று உள்ளது. இது எந்தத் தலைப்பின் கீழ் வரும்? தெரிந்தவர்கள் சொல்லவும்.”

“பக்கம் 112 வௌவால் தேர்வுக்கு வருமா?” அதற்கு ஒருவர் பதில்: “பாலூட்டிகள். மூன்று முறை கேட்டிருக்கிறார்கள்.”

“சிங்கப்பூர் நான்காவது முறை என்றால் என்ன? மூன்றாவது முறை எந்த ஆண்டு?”

“கையெழுத்து அழகு. எழுதியவருக்கு நன்றி. படிக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.” இதை எழுதியவர் திருவாரூர்க்காரர்.

சோறு ஆறிவிட்டது. கடைசிக் கருத்தை ஒருமுறைதான் படித்தேன். இரண்டு முறை என்றும் சொல்லலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: “பக்கம் 88இல் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா என்று உள்ளது. ஓரத்தில் ‘தவறு, ஆனைமுடி’ என்று எழுதியிருக்கிறது. எது சரி? தேர்வு 28ஆம் தேதி.”

விற்பவரின் பதில்: “மேலே உள்ளதே சரி. ஓரத்தில் இருப்பது அச்சுப்பிழை.”

கையால் எழுதியதில் என்ன அச்சுப்பிழை?

சார் சொன்னதை அப்படியே எழுதுவேன். வீட்டுக்கு வந்து பள்ளிப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறாக இருந்தால் ஓரத்தில் திருத்துவேன். அவரிடம் சொல்லப் பயம். மொத்தம் பத்தொன்பது இடம். அந்தப் பத்தொன்பதும் அச்சுப்பிழை என்றால், மூவாயிரம் பேர் என் கையெழுத்தில் தவறைப் படித்துவிட்டுப் போய்த் தேர்வு எழுதுவார்கள். மூன்று கேள்வி, அதாவது நாலரை மதிப்பெண், போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கூச்சமாகத்தான் இருந்தது. என்றாலும் என் கைப்பேசியிலிருந்து ‘குறிப்பு2001’ என்ற பெயரில் ஒரு புகார் எழுதி எங்கள் தளத்துக்கே அனுப்பினேன்.

செப்டம்பர் 10, புதன்

காலை ஒன்பதே காலுக்கு என் புகார் வந்தது. எனக்கே.

புத்தகப் பிரிவில் தமிழ்ப் புகார்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் ஒதுக்கப்படும். இதை நான் யோசித்திருக்க வேண்டும். கிளாடிஸ் மேடத்திடம் போய், “இது நான்தான்” என்று சொல்லலாம். சொன்னால், “எந்தப் பக்கம்மா, காட்டு” என்பார். பிறகு வௌவால் யார் என்று கேட்பார்.

முதல் புகாருக்குப் பதில் 7 அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். என் பையில் கைப்பேசி அதிர்ந்தது. “உங்கள் மனவருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.” நான்கு மாதத்தில் ஆயிரம் பேருக்காவது இதை அனுப்பியிருப்பேன். வாங்கிப் பார்ப்பது இதுதான் முதல் முறை. யாரும் என்னைப் புரிந்துகொண்ட மாதிரி தெரியவில்லை.

கீழே, பதில் திருப்தியா, எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு கொடுத்தேன். காரணமும் எழுதினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கிளாடிஸ் மேடம் கூப்பிட்டார். “நாலு மாசமா உன் மார்க் குறைஞ்சதே இல்ல. இது யாருன்னே தெரியல, ரெண்டு ஸ்டார் குடுத்திருக்காங்க. எழுதியிருக்கறதப் பாரு. ‘பதில் எழுதியவர் புகாரைப் படித்ததாகவே தெரியவில்லை.’”

“நியாயமாத்தான் இருக்கு மேடம்.”

“என்ன நியாயம்? இந்த மாதிரி இன்னொண்ணு வந்தா நிரந்தரம் பண்றதுல பிரச்சினை வரும். ஜாக்கிரதை.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை இர்பான் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். உக்கடத்துக்காரர். அவர் பேசினால் மொத்த வரிசையும் கேட்கும். இன்று மெதுவாகப் பேசினார்.

“ஏனுங்க, அந்தக் குறிப்பு நீங்க எழுதினதுதானுங்க?”

“எப்படி...”

“உங்க மானிட்டரைச் சுத்தி ஒட்டி வெச்சிருக்கறதத்தான் தெனம் பாக்கறேன். அந்த ‘ழ’ வால் என்ற மேசைக்கே வந்துருமாட்ட இருக்குது.”

ஒட்டியிருந்த சீட்டுகளை எல்லாம் கிழித்து எடுத்தேன். அவர் சிரித்தார். “இப்ப எடுத்து என்ன பண்றது? ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஆதாரத்தோட ரெண்டாவது தடவ எழுதினா, முப்பத்தாறு மணி நேரத்துக்குள்ள அந்தப் பொருளத் தளத்துலருந்து எறக்கியே ஆகோணும். பதில் 11. அப்படி ஒண்ணு இருக்குதுன்னு நாம யாருக்கும் சொல்றதில்ல.”

“ஏன் சொல்றதில்ல?”

“அதுக்குத்தான் பதில் 7 இருக்குதே.”

செப்டம்பர் 14, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அம்மா கொள்ளுப் பருப்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது, என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நடந்தது என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எங்கள் ஊர் வாரச் சந்தையில் வாசலில் நின்று சுங்கச் சீட்டுக் கிழிப்பவர். அவர் உடனே கம்பெனி பக்கம் சாய்ந்தார்.

“எடம் குடுத்தவன் என்ன கண்ணு பண்ணுவான்? வித்தவனப் போய்க் கேக்கோணும்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்படியாக்கும்? அன்னைக்கு அந்தத் திருட்டு ஆட்டுக்கு நீங்க எதுக்கு மூணு ஊரு நடந்தீங்க?”

“இப்ப அதெதுக்கு?”

“சீட்டுக் கிழிச்சு ஆட்ட உள்ள உட்டீங்க. வித்தவன் கம்பி நீட்டிட்டான். ஆட்டுக்காரன் வந்து உங்க சட்டையத்தான புடிச்சான்? ‘நாஞ் சீட்டுத்தான கிழிச்சேன்’னு நீங்களும் சொல்லிப் பாத்தீங்க. உட்டானா?”

“ஆடு கெடச்சுதல்ல?”

“கெடச்சுது. செருப்புதான் போச்சு.” என் பக்கம் திரும்பினாள். “அதுலருந்து உங்கொப்பன் ஆட்டுக் காதுல அடையாளம் பாக்காம ஒரு சீட்டுக் கிழிக்கறதில்ல. உங்க கம்பெனிக்காரன் எந்தக் காதப் பாக்கறானாம்?”

அப்பா மோரை எடுத்துக் குடித்தார். பஸ் ஏறும்போது அம்மா கேட்டாள்: “அந்தப் புள்ளைக்கு வாய் இல்லியா? போய்ச் சொல்ல வேண்டியதுதான?”

“அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்மா.”

“உன்னாட்டந்தானா?” என்றாள். பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

பேசினேன்.

கிளாடிஸ் மேடத்தின் அறை வாசலில் நின்றேன். திரும்பிவிடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தேன். பின்னால் இர்பான் தேநீரோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ உன் புகாருக்கு நீயே பதில் போட்டியா?”

“ஆமாம் மேடம்.”

“உனக்கு நீயே ரெண்டு ஸ்டார் குடுத்துக்கிட்டியா?”

“மூணு குடுக்கலாமான்னும் யோசிச்சேன் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகாரை இர்பானுக்கு மாற்றினார். ஆதாரமாக, தளத்தில் வராத ஒரு பக்கத்தின் மூலத்தைக் கேட்டார்கள். மூலம் சாரிடம்தான் இருக்கிறது. அதனால் ஒரு வெள்ளைத்தாளில் பக்கம் 88ஐ மறுபடி எழுதிக் கொடுத்தேன். வால் உட்பட.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாலையில் குறிப்பு இறக்கப்பட்டது. புகார் வந்த நாளிலிருந்து இன்றுவரை விற்றது இருநூற்று ஆறு பிரதி. மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

செப்டம்பர் 17, புதன்

சென்னியப்பன் சார் மறுத்து எழுதிவிட்டார். பாடம் அவருடையதாம், புத்தகமும் அவருடையதாம். இரண்டு பேரும் சொந்தம் கொண்டாடினால் பெங்களூரு சட்டப் பிரிவு காணொளியில் விசாரிக்கும். வெள்ளிக்கிழமை பதினொரு மணி. நானும் இருக்க வேண்டும். வௌவாலும் இருக்கும்.

விடுதியில் இரண்டு வாளித் துணி துவைத்தேன். அதில் ஒரு வாளி ஏற்கெனவே துவைத்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

சட்டப் பிரிவிலிருந்து பிரணவ் ஷெனாய் என்று ஒருவர் வந்தார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. கிளாடிஸ் மேடமும் நானும் ஒரு திரையில். இர்பான் வாசித்துக் காட்டுவதற்காகப் புத்தகத்தோடு இன்னொரு திரையில். சார் தன் வகுப்பறையிலேயே கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார். பின்னால் கரும்பலகை, அதற்குப் பக்கத்தில் வாசல். என்னைப் பார்த்ததும், “நல்லாருக்கியா கண்ணு?” என்றார். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மேடம் என் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தார்.

“பதினாறு வருசமாப் பாடம் நடத்தறனுங்க,” என்று சார் தொடங்கினார். “நான் சொல்லச் சொல்ல எழுதினது. வாய் என்னுது. கை மட்டுந்தான் அந்தப் புள்ளையோடது.”

“அப்போ இந்த ஓரத்துல எழுதியிருக்கறது?” என்று ஷெனாய் கேட்டார்.

“அதும் நாஞ் சொன்னதுதானுங்க.”

இர்பானை வாசிக்கச் சொன்னார்கள். இர்பான் செய்தி வாசிப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். “பக்கம் 31. ‘சார் இன்றும் அதே சிங்கப்பூர் கதை. நான்காவது முறை.’”

சார் கண்ணாடியைச் சரிசெய்தார். “அது... ஞாபகத்துக்குங்க. ஒரு பயிற்சி முறை.”

“பக்கம் 54. ‘இது சாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.’”

“மாணவருக்குத் தன்னடக்கம் வேணுமல்லங்க. நாமளே முன்மாதிரியா இருக்கோணும்.”

“பக்கம் 47. ‘பசிக்குது.’”

சார் கொஞ்ச நேரம் யோசித்தார். “மதிய உணவுத் திட்டம்,” என்றார்.

கிளாடிஸ் மேடம் குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடினார். ஷெனாய் பக்கம் 112ஐத் திரையில் போட்டார். “இது என்ன சார்?”

“வௌவாலுங்க. பாலூட்டி.”

“கண்ணாடி எதுக்கு?”

“அதுக்குக் கண்ணு தெரியாதல்லங்க.”

ஷெனாய் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க மேடம். இது என்ன?”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மேசைக்கடியில் என் கையைத் தட்டினார். சார் சிரித்தார். “அது என்னத்தங்க சொல்லும்? எட்டு மாசம் கிளாசுல வாயே தொறக்கல. இருங்க, நான் எப்படி நடத்துவேன்னு காட்டறேன். பாத்தீங்கன்னாத் தெரிஞ்சுக்குவீங்க, யாரு பாடம்னு.”

எழுந்தார். வாசலுக்குப் போனார். இரண்டு கைகளையும் தூக்கி மேல் நிலையைப் பிடித்தார். முன்னால் சாய்ந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. திரையின் இடது பாதியில் நான் வரைந்த வௌவால். வலது பாதியில் சார். ஒரே தொங்கல்.

இர்பானின் திரை திடீரென்று இருட்டானது. அவரே அணைத்துவிட்டிருக்க வேண்டும்.

“தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம்...” என்று சார் முழங்கினார், “தொட்டபெட்டா!”

“ஆனைமுடி சார்.”

யார் சொன்னது என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தொட்டபெட்டா நீலகிரியிலதான் உயரம் சார். ஒன்பதாம் பக்கத்துல இருந்து மொத்தம் பத்தொன்பது தப்பு. எல்லாத்தையும் ஓரத்துல எழுதியிருக்கேன். அது அச்சுப்பிழை இல்ல சார். அந்தப் படமும் பாலூட்டிப் பாடம் இல்ல. நீங்க என் நோட்டைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

சார் நிலையை விடவில்லை. தொங்கியபடியே கேட்டார்: “இதெல்லாம் அப்பவே சொல்றதுக்கென்ன கண்ணு?”

பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. குறிப்பு என்னுடையது.

மாலையில் எனக்குக் காய்ச்சல்போல இருந்தது. உடம்பு சுடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இர்பான் விடுப்பு. முடிவுக் கடிதத்தை நானே எனக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கிளாடிஸ் மேடம், “பதில் 12தானே, அனுப்பிடு” என்றார்.

பதில் 12 இரண்டு வரி. “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்களுடன் தொடர்ந்து வாங்குங்கள்.” படித்துப் பார்த்தேன். மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டில் தொட்டபெட்டா இருக்கிறது. அவர்கள் முகவரி சாரிடம் இல்லை, என்னிடம் இல்லை, எங்கள் கம்பெனியிடம்தான் இருக்கிறது. தேர்வுக்கு ஆறு நாள்.

இரண்டு வரிக்குக் கீழே கொஞ்சம் சேர்த்தேன். “இந்தப் புத்தகம் எங்கள் கிடங்கில் இருந்தது. எங்கள் ஆள் கட்டினார். எங்கள் வண்டி கொண்டுவந்தது. நம்பிக்கைத் தேர்வு என்று ஒட்டியது நாங்கள்தான். நீங்கள் முதலில் எழுதிய அன்றே எங்களுக்குத் தெரியும். அதன் பிறகும் இருநூற்று ஆறு பிரதிகளை விற்றோம். இதில் எங்களுக்கும் பொறுப்பு உண்டு. வருந்துகிறோம்.”

அனுப்பினேன். வந்தது. இந்த முறை புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெங்களூருவிலிருந்து காலையிலேயே தொலைபேசி. கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு என்று கம்பெனியே எழுதிய முதல் கடிதம் அதுதானாம். வாடிக்கையாளரிடம் பேசி உடனே திரும்பப் பெற வேண்டுமாம். கிளாடிஸ் மேடம் என்னைக் கூப்பிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

“வாடிக்கையாளர் என்ன சொல்றாங்க?”

“யோசிக்கறாங்க மேடம்.”

“அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?”

“வாங்கின எல்லாருக்கும், ஓரத்துல இருக்கறதுதான் சரின்னு கம்பெனி தகவல் அனுப்பணுமாம். தேர்வுக்கு முன்னாடி. அனுப்பினா கடிதத்தைத் திருப்பித் தந்துடறாங்களாம்.”

“கொஞ்சம் இறங்கி வரச் சொல்லும்மா. வேணும்னா ஒரு பரிசுக் கூப்பன் தரலாம்.”

“பேசிப் பாத்தேன் மேடம். ரொம்பப் பிடிவாதக்காரங்களா இருக்காங்க.”

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். “உன் வேலை நிரந்தரம் ஆகணும்னு அவங்களுக்குக் கவலை இல்லியா?”

“இருக்காம் மேடம்,” என்றேன். “ஆனாலும் பரவால்லியாம்.”

மேடம் தொலைபேசியை எடுத்து, “மிஸ்டர் ஷெனாய், வாடிக்கையாளர் மசியற மாதிரி தெரியல” என்றார்.

செப்டம்பர் 24, புதன்

ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சிகரங்களின் உயரம் பற்றிக் கம்பெனி எந்தக் கருத்தும் சொல்ல முடியாதாம். அதனால் கீழே கம்பெனி பெயர் வரக் கூடாது. “அப்போ யார் பேர் போடறது?” என்று மேடம் கேட்டார். இர்பான் கூரையைப் பார்த்தார்.

பத்தொன்பது திருத்தங்களையும் பக்க எண்ணோடு அடித்தேன். பசி, பஸ், சிங்கப்பூர், வௌவால் நான்கும் தேர்வுக்கு வராது என்றும் சேர்த்தேன். கீழே எழுதினேன்: “வெ. பண்ணாரி. இந்தக் குறிப்புகளை எழுதியவள்.”

மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். சொந்தக்காரர்கள் அடித்த திருமணப் பத்திரிகைகளில்கூட என் பெயர் இத்தனை பேரிடம் போயிருக்காது. இர்பான் பொத்தானை அழுத்தட்டுமா என்று கேட்டார். “வேண்டாங்க” என்று நானே அழுத்தினேன்.

சொன்ன சொல் தவறாமல், வாடிக்கையாளர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

இதுவரை எழுபத்து மூன்று பதில்கள். திருவாரூர்க்காரர் எழுதியிருக்கிறார்: “பசிக்குது தேர்வுக்கு வராது என்றால் வருத்தமாக இருக்கிறது.” பக்கம் 88 பெண்ணின் பெயர் செவ்வந்தி, ஊர் விருத்தாசலம். “அக்கா, நீங்க இப்ப எந்தத் துறையில வேலை பாக்கறீங்க? கலெக்டர் ஆபீஸா?” என்று கேட்டிருந்தாள்.

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. “நான் டாப்பர் இல்லை செவ்வந்தி. போன முறை நாலரை மதிப்பெண்ணில் தவறிவிட்டேன். என் குறிப்பை நானே விலைக்கு வாங்கிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் எழுதுகிறேன். விண்ணப்பித்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்” என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். இந்தப் பதில்கள் எல்லாம் சட்டப் பிரிவுக்கும் கிளாடிஸ் மேடத்துக்கும் ஒரு நகல் போகும்படி பெங்களூருவில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

பத்து நிமிடம் திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ஷெனாயிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது.

“நல்லா எழுது. ரிசல்ட் வரும்வரை நீ இங்கேதான். திங்கள்கிழமை உனக்கு ஷிஃப்ட் காலை எட்டு மணிக்கு.”